வாங்கும் வங்கியும்



கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்துள் சென்று வாங்கில் அமர்கிறோம். வெளியே வந்து வங்கியிற் பணம் இடுகிறோம். வணிகர் ஒருவர் கைப்பொருள் முழுவதையும் இழந்தால், அவர் வங்குரோத்து ஆனார் என்கிறோம். இம்மூன்று சொற்களும் ஒரே பலகையிற் கடைந்தெடுத்தவை என்றால் வியப்பாயிருக்கிறதன்றோ?

அப்பலகை 'பாங்கோ' என்னும் இத்தாலியச் சொல். இன்றும் அந்நாட்டிற் பள்ளிப் பிள்ளையின் மேசைக்கும், கடையின் விற்பனை மேசைக்கும், தேவாலய இருக்கைக்கும் அதுவே பெயர். அதன் வேர் பழைய செருமானிய மொழியில் உள்ளது. நீண்ட இருக்கை என்பதே முதற்பொருள். இடைக்காலத்திற் புளோரன்ஸ், செனோவா முதலிய நகரங்களில் நாணயம் மாற்றுவோர் மேசையிட்டுத் தொழில் நடத்தினர். மேசையின் பெயர் தொழிலுக்கும், பின்னர் தொழில் நடந்த நிலையத்துக்கும் ஆயிற்று. செனோவாவின் புனித ஜோர்ஜ் வங்கி 1407ஆம் ஆண்டில் எழுந்தது. கடனிறுக்க இயலாதவனின் மேசையை உடைத்தெறிவர் என்றொரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், உடைந்த மேசை எனப் பொருள்படும் 'பாங்கா ரொத்தா' என்னுந் தொடரே நொடிப்பைக் குறிக்கலாயிற்று.

இனி நம்மூருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டிற் கொழும்புக் கத்தோலிக்கருக்கு ஆயராயிருந்தவர்களுள் இலாரியோன் சில்லானி என்னும் இத்தாலியரும் ஒருவர். வாங்கு அவருடன் வந்ததோ எனின், அன்று. போர்த்துக்கேய மொழியிலும் அச்சொல் உண்டு. 1505இல் இலங்கைக் கரையை அடைந்து, 1656இற் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கேயர், கதிரை, மேசை, அலுமாரி என்பவற்றோடு வாங்கையும் நமக்குத் தந்தனர். வங்குரோத்து ஒல்லாந்தரின் 'பாங்க்ரூட்' என்னுஞ் சொல்லை நினைவூட்டுவது. வங்கியோ ஆங்கிலேயர் காலத்து வரவு.

சொற்கள் வந்தன, அவற்றின் பொருளும் பின்தொடர்ந்தது. கோப்பிப் பயிரை நோய் அழித்த பின்னர், 1884ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் தாள்களைக் கையில் வைத்திருந்தோர் கலங்கினர். தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பென அறிவித்த பின்னரே கலக்கந் தணிந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தபோது, வங்குரோத்து என்னுஞ் சொல் வீடுதோறும் ஒலித்தது. அகராதியைப் புரட்டாதோரும் எரிபொருள் வரிசையில் நின்று அதன் பொருளைக் கற்றனர்.

உடைவது வணிகனின் மேசைதான். ஆயின் சிதறுவது அதன்மேல் நம்பி வைத்தவரின் காசு. அடுத்த முறை வாங்கில் அமரும்போது இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.