தலை நிமிராத மருத்துவர்

செம்மநத்தத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அந்த அக்கா என்னிடம் சொன்னார்: “அந்தம்மா எம் மூஞ்சியப் பாக்கவே இல்ல டீச்சர். இடுப்பு வலின்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்.”

மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி உதிரம் படுகிறது. புற்றுநோயா என்று உடனே சோதிக்க வேண்டிய அறிகுறி அது. அதைச் சொல்லத்தான் மலையிறங்கிப் போனார். மருத்துவர் எழுதிக்கொண்டே கேட்டார். உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கதவு திறந்திருக்க, அடுத்த ஆள் வாசலில் நின்றார். சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

மருத்துவரின் உடம்பு எங்கே, எப்படி இருக்கிறது என்பதற்கும் வரலாறு உண்டு. 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அவருடைய கூச்சம் வரலாறானது. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பது நம்மிடம் வந்து சேரவில்லை.

இங்கே கூச்சம் உயிரையே வாங்கியது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில், பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்கு ஆண் மருத்துவர் வேண்டாம் என்று வீட்டார் மறுத்தார்கள். மூவரும் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதற்கு முன்பே, 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். கோஷா பெண்களுக்கான மருத்துவமனை 1885இல் சென்னையில் வந்தது. பெண்ணைப் பெண் பார்த்தால் போதும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. பல உயிர்களைக் காத்த நம்பிக்கை.

ஆனால் அக்காவைப் பார்க்காதவரும் ஒரு பெண்தான். படிப்பு, சாதி, நகரம், வாசலில் நீளும் வரிசை எல்லாம் சேர்ந்து அவர் கழுத்தைக் குனிய வைத்திருக்கின்றன. மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தி, நிமிராத தலையிடம் தன் உதிரத்தைப் பற்றி எப்படிச் சொல்வாள்?

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். கதவைச் சாத்தினேன். அக்கா தயங்க, விஷயத்தை நானே சொன்னேன். மருத்துவர் சட்டென்று நிமிர்ந்தார். ஸ்கேனுக்கு எழுதினார், கேள்விகள் கேட்டார்.

எல்லாம் என் முகத்தைப் பார்த்தே.

“அக்காகிட்டயே கேளுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.