மாமல்லபுரக் கடற்கரை: பயன்படுத்துவோரும் பார்வையாளரும்

சுற்றுலாத்தலங்கள் கண்டறியப்பட்டு, வளர்ந்து, நெரிசலுற்று, தேய்கின்றன அல்லது புத்துயிர் பெறுகின்றன என்று புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980இல் ஒரு வளர்ச்சிக் கோட்டை முன்வைத்தார். பயணிகளின் எண்ணிக்கையே அதன் அளவுகோல். மாமல்லபுரத்துக்கு அது போதாது. இங்கே பெரிதும் மாறியது கடற்கரையை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான்.

பல்லவர் துறைமுகமாக இருந்த இவ்வூரைப் பற்றி வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை 1788இல் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் வெளிவந்து, ஐரோப்பியரின் ஆர்வத்தைத் தூண்டியது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இங்கு வந்தவர்கள் சிலரே. ஊரின் அன்றாட வாழ்வில் அவர்களால் பெரிய மாற்றம் எதுவும் நேரவில்லை.

திருப்பம் அரசின் வழியாக வந்தது. 1957இல் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1984இல் யுனெஸ்கோ இங்குள்ள நினைவுச்சின்னங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கடற்கரைக் கோயிலை உப்புக்காற்றிலிருந்தும் அலையிலிருந்தும் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன, சவுக்கு நடப்பட்டது, வேலி எழுந்தது. கோயிலுக்கு இவை தேவையான காப்புகளே. ஆனால் சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீளும் எந்தத் தடுப்பும் தன் தென்புறத்தில் மணலைச் சேர்த்து, வடபுறத்தில் அரிப்பை உண்டாக்கும். கோயிலுக்கு வடக்கேதான் மீனவர் குப்பம் இருக்கிறது. நினைவுச்சின்னத்துக்குக் கட்டப்படும் காப்பு குப்பத்துக்கு என்ன செய்யும் என்பதையும் சேர்த்தே கணக்கிட்டிருக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை 2002இல் சுங்கச்சாலையானதும் சென்னை நெருங்கி வந்தது. வார இறுதிக் கார்கள் குவிந்தன. ஒத்தவாடைத் தெருவில் விடுதிகளும் உணவகங்களும் நெருக்கமாக எழுந்தன. வீட்டு மாடியை வாடகைக்கு விட்ட குடும்பங்களுக்கு வருமானம் கூடியது. இதை இழப்பு என்று மட்டும் எழுதுவது அந்தக் குடும்பங்களுக்கு நியாயமாகாது. ஆனால் ஃபைபர் படகை ஏற்றி வைக்கவும் வலையைப் பிரித்துப் பழுது பார்க்கவும் அகலமான மணல் வேண்டும். சுற்றுலாவுக்கு வேண்டியதும் அதே மணல்தான்.

கல்தச்சர்களின் கதை வேறு. சுற்றுலா அவர்களுக்குச் சந்தையைத் திறந்தது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூடவே, சாலையோரப் பட்டறைகளில் உளியின் ஓசையை மீறி மின் கிரைண்டர் இரைகிறது. கருங்கல்லின் வெண்தூள் இளைஞர்களின் இமைகளில் படிகிறது. முகத்தில் கட்டிய துண்டைத் தாண்டி நுரையீரலுக்கும் போகிறது. கைக்கடக்கமான பிள்ளையார்களை விரைவாகச் செய்து தரச் சொல்லும் சந்தை இந்த உடல்நலக் கேட்டுக்குப் பொறுப்பேற்பதில்லை.

இதற்கிடையே ஊரின் புகழும் வளர்ந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டு, தொல்லியல் துறையை ஒரு பழைய முருகன் கோயிலின் அடித்தளத்துக்கு இட்டுச் சென்றது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். 2021-22இல், கட்டணம் பெறும் மத்திய அரசின் நினைவுச்சின்னங்களில் வெளிநாட்டவர் மிகுதியாக வந்தது இங்குதான். தாஜ்மகால்கூட அடுத்த இடத்துக்குப் போனது. பட்லரின் கோட்டில் இது வெற்றியாகவே பதிவாகும்; கரை யாருக்கு என்ற கேள்வி அதில் பதிவாகாது.

கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் நடப்பில் உள்ளன. 2011 அறிவிக்கை மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும் கணக்கில் கொள்ளச் சொன்னது. மாமல்லபுரத்துக்கு இனி வரும் எந்த மேம்பாட்டுத் திட்டத்திலும், படகு ஏற்றும் கரையும் வலை உலர்த்தும் திடலும் குப்பத்தாரைக் கேட்டு வரைபடத்தில் முதலில் குறிக்கப்பட வேண்டும். வாகன நிறுத்தத்துக்கு இடம் தேடுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.