முகம் தேடிப் பார்த்த திரை

ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதி பிரிகிற வன்னிச் சந்தி மாங்குளம். போர்க் காலத்தில் இந்த ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. 1990 நவம்பரில் இங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது; அடுத்த ஆண்டு நவம்பரில் புலிகள் மீட்டார்கள்; 2008 நவம்பரில் இராணுவம் மறுபடியும் வந்தது. செல்லடியும் இடப்பெயர்வும் சாவும் நேரில் கண்ட சனம், அதே கோரத்தைத் திரையிலும் ஏன் பார்த்தது?

வன்னியில் திரை என்பது எளிதில் கிடைத்த பொருளாக இருக்கவில்லை. ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. எட்டு ஆண்டுகளுக்குள் வடக்கில் மின்சாரம் நின்றது, ரயில் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்ட காலம் அது. ரீவி பார்ப்பதென்றால் ஜெனரேற்றர் வேண்டும். கொஞ்சம் பெற்றோல் காட்டி அதை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகையும் இரைச்சலும் ஒருபக்கம் இருக்க, முற்றத்தில் பாயை விரித்து ஊரே உட்காரும். அதற்குப் பெயர் 'படம் போடுதல்'. வாடகைக்கு வந்த வீடியோ டெக்கில் தென்னிந்தியப் படங்கள் விடியும்வரை ஓடும்.

அதே திரையில்தான் சண்டையும் வந்தது. புலிகளின் நிதர்சனம் நிறுவனம் களமுனைக்குக் கமெராக்காரரை அனுப்பியது. அவர்கள் எடுத்துவந்த காட்சிகள் 'ஒளிவீச்சு' என்ற வீடியோ சஞ்சிகையாகவும் தனிப் படங்களாகவும் தொகுக்கப்பட்டு ஊர்களில் காட்டப்பட்டன. கசற்றுகளாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயின. சண்டைக் காட்சிகளில் சடலங்கள் மறைக்கப்படவில்லை. ஆட்சேர்ப்பும் நிதிசேகரிப்பும் அவற்றின் நோக்கமாக இருந்தன என்பதில் ஒளிவுமறைவில்லை. ஆனால் பிள்ளை இயக்கத்துக்குப் போயிருந்த வீட்டுக்கு அந்தப் படத்தில் இன்னொரு விசயமும் இருந்தது: பதுங்குகுழியோரம் வரிசையாகப் போகிறவர்களில் அவன் இருக்கிறானா? எடுத்தவர் நோக்கம் ஒன்று, பார்த்தவர் தேவை இன்னொன்று.

போர் முடிந்த கையோடு, 2009 மே 19 அன்று, முகம் தேடும் இந்தப் பார்வை உலகம் முழுவதற்கும் பரவியது. புலிகளின் தலைவர் பிரபாகரனுடையது என்று கூறி ஒரு சடலத்தை இலங்கைத் தொலைக்காட்சிகள் அன்று காட்டின. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் தமிழர்கள் அந்தச் சில விநாடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். நெற்றி, மீசை, சவரம் செய்த தாடை, சீருடை என்று ஒவ்வொன்றாக வாதம் நடந்தது. நம்பாதவர்களும் நம்ப மறுத்தவர்களும்தான் அதிகம் பார்த்தார்கள். விவாதம் எவ்வளவு காலம் நீடித்ததென்றால், 2023 பெப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் தமிழ்நாட்டு அரசியல் தலைவர் பழ. நெடுமாறன், பிரபாகரன் உயிரோடு இருப்பதாக அறிவித்தார். இலங்கை இராணுவம் அதை மறுத்தது.

அடுத்து வந்தவை இராணுவத்தினரே கைபேசியில் எடுத்தவை. நிர்வாணமாக்கி, கைகள் கட்டி, பின்னாலிருந்து சுடும் காட்சியை 2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பியது. அது போலியானது என்றது இலங்கை அரசு. 2010 ஜனவரியில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், தான் நியமித்த வல்லுநர்களின் முடிவுகள் அந்த வீடியோ உண்மையானது என்பதையே பெரிதும் காட்டுவதாகச் சொன்னார். 2011 ஜூன் 14 இரவு 'இலங்கையின் கொலைக்களங்கள்' ஆவணப்படம் வந்தது. 2013இல் கலம் மக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்' வந்தது. அதைத் திரையிட்டதற்காக மலேசியாவில் ஒரு மனித உரிமைச் செயற்பாட்டாளர் மீது வழக்கே போட்டார்கள்.

2013 நவம்பரில் வந்த வீடியோ இந்த வரலாற்றையே ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது. அதில் இராணுவத்தினரின் கையில் உயிரோடு இருந்த பெண் இசைப்பிரியா. புலிகளின் தொலைக்காட்சியில் அறிவிப்பாளராக வன்னி முழுதும் அறிந்த முகம் அது. 2009 மே 18 அன்று மோதலில் இறந்தவர் என்று அரசு அவரைப் பட்டியலிட்டிருந்தது. திரையில் செய்தி சொன்னவர், இப்போது திரையில் சாட்சியமாக இருந்தார்.

இவற்றைப் பார்த்தவர்களை வக்கிர ரசனைக்காரர் என்று ஒதுக்குவது சுலபம். அமெரிக்க உளவியலாளர் சிலரின் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஐ.எஸ். இயக்கத்தின் தலைவெட்டு வீடியோக்களை அமெரிக்கர்களில் ஏறத்தாழ 20 வீதத்தினர் ஓரளவாவது பார்த்திருந்தார்கள். முழுவதும் பார்த்தவர்கள் 5 வீதம் அளவில்தான். ஏற்கெனவே வன்முறைக்கு ஆளானவர்கள் பார்க்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டபோது, உண்மையா என்று அறியவும் விவரம் தெரியவும் என்பதே முன்னால் வந்த பதில். ஆனால் அந்தப் பதில் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஈராண்டு கழித்தும் பார்த்தவர்களிடம் மன உளைச்சலும் எதிர்காலப் பயமும் கூடுதலாக இருந்தன. 2013 பொஸ்ரன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பிந்திய வாரத்தில், நாளுக்கு ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ அச்செய்தியில் மூழ்கியவர்களின் பதற்றம், சம்பவ இடத்தில் இருந்தவர்களின் பதற்றத்தைவிட அதிகமாக இருந்ததாக இன்னொரு ஆய்வு கண்டது.

வன்னியைப் பற்றி யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இல் எழுதிய ஆய்வு, அழிந்தது தனி மனங்கள் மட்டும் அல்ல, குடும்பமும் ஊரும் என்கிறது. அதற்கு அவர் வைக்கும் பெயர் கூட்டு மனவடு. திரையின் பங்கையும் அதற்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். காணாமற்போனவரின் சாவு உறுதிப்படாத வீட்டில் துக்கம் முடிவதில்லை. அங்கே ஒவ்வொரு படமும் ஒரு வாய்ப்பு. 2015 ஜனாதிபதித் தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்றில், வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவுடன் நின்ற மாணவிகளிடையே தன் மகளைக் கண்டதாக வன்னித் தாய் ஒருவர் சொன்னார். அச்சில் வந்த சின்ன முகம் அது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தாய்மாரின் தொடர் போராட்டத்தில், உறவினர் ஏந்தியிருந்ததும் படங்களைத்தான். அவர்களில் எத்தனையோ பேர், நாங்கள் பார்க்கவே கூசும் வீடியோவைக் கடைசிவரை பார்க்கிறவர்கள். தேடும் முகம் அதில் இல்லையென்றால் ஒரு மூச்சு, இருந்தால் ஒரு முடிவு.

இப்போது ஜெனரேற்றரும் பாயும் தேவையில்லை. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, மே மாதம் வந்தால் அந்தக் காட்சிகள் கைபேசியில் தானாக வந்து விழுகின்றன. முற்றத்தில் படம் போட்ட காலத்தில் பக்கத்தில் இருந்த பெரியவர் பிள்ளையின் கண்ணைப் பொத்துவார், அல்லது இது இன்ன இடம், இவர் இன்னார் என்று விளக்குவார். கைபேசியை ஒருவர்தான் பார்க்கிறார். அந்தத் திரையைக் கட்டுப்படுத்த அரசும் முயன்றது: 2019 ஈஸ்ரர் குண்டுவெடிப்பு நாளில் சமூக ஊடகங்களையே மூடியது; 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வவுனியா வீதியோரக் கொட்டகையில் தாய்மார் கேட்ட, சரணடைந்தவர்களின் பட்டியலோ இன்னும் வெளிவரவில்லை.