ராஜா இன்னும் சாப்பிடவில்லை

அத்தியாயம் 9

“கீழ எலை போட்டாச்சு சார். ராஜா உக்காந்துட்டாரு. ஆனா மேலேர்ந்து மணிச் சத்தம் வர்ற வரைக்கும் சோத்துல கை வைக்க மாட்டாரு.”

தஞ்சாவூர் அரண்மனையில் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்த வழிகாட்டி, நேற்றுதான் அந்தப் பந்தியில் பரிமாறிவிட்டு வந்தவர்போலச் சொன்னார். நான் அண்ணாந்து பார்த்தேன். அடுக்கடுக்காக வளைவுச் சாளரங்கள். மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஏதோ குறைந்து நிற்பதுபோல ஒரு கட்டடம். மாடமாளிகை என்பது ஏட்டுப் பெயர். ஊரார் வாயில் அது மணிக்கோபுரம்.

போன வாரம் உங்களை வேலூர்க் கோட்டையில் விட்டுவிட்டு வந்தேன். சின்ன பொம்ம நாயக்கர் அப்பய்ய தீட்சிதருக்குக் கனகாபிஷேகம் செய்த இடத்தில். ஆரணிக்குப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அந்த தீட்சிதரைத் தஞ்சாவூரில் சேவப்ப நாயக்கரும் போற்றினார். சேவப்பரின் குடும்பமே நம் வட ஆர்க்காட்டு நெடுங்குன்றத்திலிருந்து போனதுதான். ஆக, நம் மண்ணின் ஆட்கள் தெற்கே போய்க் கட்டிய அரண்மனையைப் பார்க்காமல் தொடரை நகர்த்த மனம் வரவில்லை. நெமிலியில் விடியற்காலை பஸ் ஏறி, காஞ்சிபுரம், விழுப்புரம், கும்பகோணம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அரண்மனைக்குள் நுழைந்தது மறுநாள் காலை.

பழைய ஊருக்கு நடுவில், கடைகளும் ஆட்டோக்களும் நெருக்கும் தெருவை ஒட்டி இந்த அரண்மனை. நாயக்கர்கள் தொடங்கியதை மராட்டியர்கள் தொடர்ந்தார்கள். உள்ளே இரண்டு கோபுரங்கள் வருகிறவரைக் குழப்பும். ஒன்று இந்த மாடமாளிகை. இன்னொன்று கூடகோபுரம்: 190 அடி, எட்டு நிலை, கோயில் விமானத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும். அது காவல் மேடையாகவும் ஆயுதக் கிடங்காகவும் இருந்தது. 1855இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசில்லாமல் இறந்து அரசு கம்பெனியிடம் போகும்வரை ஆயுதங்கள் அங்கேதான்.

இந்த வளாகத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடும் கிடக்கிறது. 1955இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது, 92 அடி நீளம். நாயக்கருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ராஜாவை விட்டுவிட்டு அதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

“மேல போலாமா?” என்றேன்.

“உச்சிக்கு விட மாட்டாங்க சார்” என்று கையை விரித்தார். இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி இருந்திருக்கும். பரவாயில்லை, கணக்குப் போடப் படிக்கட்டு வேண்டாம்.

கதையில் வரும் ராஜா விஜயராகவ நாயக்கர். 1634 முதல் 1673 வரை ஆண்டவர், தஞ்சை நாயக்கர்களில் கடைசி. கோபுரத்து உச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்தைத் தரிசித்த பிறகே சாப்பிடுவார் என்பது ஒரு பாடம். அங்கே பூஜை முடிந்த சேதி மணியோசையாக வந்து சேர்ந்த பிறகே சாப்பிடுவார் என்பது இன்னொரு பாடம். தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு உடன்பிறப்புகள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்ததும் வழிநெடுக மணிமண்டபங்களில் ஒன்று மாற்றி ஒன்று மணி அடிக்க, மதுரையில் திருமலை நாயக்கர் இலையில் கை வைப்பாராம். திருச்செந்தூர் உச்சிகால மணி அப்படியே பாஞ்சாலங்குறிச்சிக்குப் போக, கட்டபொம்மன் உண்பாராம்.

கட்டுக்கதை என்று தள்ள எனக்கு மனமில்லை. நம் பக்கம் தோல் ஷாப்புச் சங்கு ஊதினால் எத்தனை வீட்டில் உலை இறங்கியது என்று ராணிப்பேட்டைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓசையால் சோறு நகர்வது புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கி.மீ. ஓசை ஒரு நொடியில் 340 மீட்டர் போகும். அந்தத் தூரத்துக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. இரண்டு கி.மீ.க்கு ஒரு மண்டபம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணியடிப்பவரும் காது கொடுத்துக் கயிற்றை இழுக்க ஐந்து நொடி தாமதித்தாலும் மொத்தம் ஏழு நிமிடத்துக்குள் சேதி மதுரையில். ரசம் ஆறுவதற்குள் வந்துவிடும்.

தஞ்சாவூர்க் கதையில்தான் எனக்கு ஒரு முள். ஸ்ரீரங்கம் இங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கி.மீ. கூடகோபுரத்தின் 190 அடி உயரத்தில் நின்றாலும் சமதரையில் கண் போவது ஏறக்குறைய 27 கி.மீ. எதிரில் உயரமான கோபுரம் இருந்தால் அதன் தலை மட்டும் இன்னும் தள்ளித் தெரியலாம். ஆனால் இன்று நாம் பார்க்கும் 236 அடி ராஜகோபுரம் கட்டி முடிந்ததே 1987இல். விஜயராகவர் காலத்தில் அது மொட்டைக் கோபுரம். உள்ளே இருந்த கோபுரங்களை வைத்துப் பார்த்தாலும், வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் நூலிழையில் தெரிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது முகத்தைத் தென்கிழக்கே திருப்புங்கள். மன்னார்குடி. சுமார் 35 கி.மீ. அங்கே ராஜகோபாலசுவாமி கோயிலின் 154 அடி ராஜகோபுரத்தை எழுப்பியவர் யார்? இதே விஜயராகவர். இடையில் மலையும் இல்லை, மேடும் இல்லை, வயலும் தென்னையும்தான். இந்த இரண்டு உயரங்களும் சேர்ந்தால் 50 கி.மீ. வரை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளலாம். தன்னை மன்னாருக்கு, அதாவது அந்த ராஜகோபாலனுக்கு, அடிமை என்று சொல்லிக்கொண்டவர், மகனுக்கு மன்னாருதாஸ் என்றே பெயர் வைத்தவர் எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார்? கதை ஸ்ரீரங்கம் என்கிறது. கணக்கு மன்னார்குடி என்கிறது. நான் கணக்கின் பக்கம்.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரத்தில் இதேபோல் பழைய ஊர் நடுவில் ஒரு மணிக்கோபுரம் உண்டு. 83 மீட்டர், 366 படி. அது அரசனுடையது அல்ல, ஊராருடையது. நகரத்தின் உரிமைப் பத்திரங்களை அதற்குள்தான் பூட்டி வைத்தார்கள். தீப்பிடித்தால், எதிரி வந்தால், வேலை நேரம் முடிந்தால் அந்த மணி ஊருக்குச் சொல்லும். நம் மணி ஒரே ஒருவரின் இலைக்குச் சொன்னது. எதிரி வந்த அன்று அது என்ன செய்தது?

1673க்கு வருவோம்.

மதுரையில் சொக்கநாத நாயக்கர், திருமலை நாயக்கரின் பேரன். தஞ்சாவூர் இளவரசியைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். விஜயராகவர் மறுத்தார். மறுத்த விதமும் மதுரைக்கு உறைக்கிற விதம்தான். தளவாய் வேங்கட கிருஷ்ணப்ப நாயக்கர் படையோடு கிளம்பினார். முதலில் வல்லம் கோட்டை விழுந்தது. பிறகு தஞ்சாவூர் மதிலைப் பீரங்கிகள் பேர்த்தன.

அரண்மனைக்குள் இருந்தவர் கிழவர். புருவமும் இமையும் தொங்கிக் கண்ணை மறைத்ததால், பொற்கயிற்றால் மேலே தூக்கிக் கட்டித்தான் எதிரே நிற்பவரைப் பார்ப்பார் என்று தெலுங்கு வரலாற்றுக் கதை சொல்கிறது. தினம் பன்னிரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்டவர் என்றும் அதே கதை சொல்கிறது. எண்ணிக்கையை நான் நம்பவில்லை, கையை நம்புகிறேன்.

சிறையில் கிடந்த மகன் மன்னாருதாஸை விடுவித்து வரச் சொன்னார். அப்பனுக்கும் மகனுக்கும் ஏன் பகை என்பது தனிக் கதை. அன்று அதைப் பேச நேரமில்லை. அந்தப்புரத்தைச் சுற்றி வெடிமருந்தை நிரப்பச் சொன்னார். தான் விழுந்த சேதி வந்தால் பற்றவை, இதுதான் மகனுக்கு இட்ட கட்டளை. பிறகு அந்த வயதில், வாளை ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். துப்பாக்கி வேண்டாம், வாளோடு வாளாகவே முடியட்டும் என்று எதிரிக்குச் சொல்லி அனுப்பினார். முடிந்தது.

அரண்மனையின் ஒரு பக்கம் அதிர்ந்து எழுந்தது. அன்று தஞ்சாவூர் முழுக்கக் கேட்ட ஓசை மணியோசை அல்ல.

அதே வேளையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு காட்சி என்கிறது அந்த வரலாற்றுக் கதை. விஜயராகவர் தன் பரிவாரத்தோடு வந்தார், சன்னதிக்குள் நடந்தார், திரும்பி வரவில்லை. அர்ச்சகர்கள் கண்ணால் கண்டார்களாம். கோபுரத்து உச்சியிலிருந்து ஸ்ரீரங்கத்தைப் பார்த்த கதை எங்கே முளைத்திருக்கும் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். மன்னார்குடியைப் பார்த்தவரை, இந்த முடிவுதான் ஸ்ரீரங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டதோ?

“அவ்ளோதான் சார், வம்சம் அழிஞ்சு போச்சு” என்று வழிகாட்டி முடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

மதுரையும் அப்படித்தான் நினைத்தது. சொக்கநாதர் தன் பால்சகோதரன் அழகிரியைத் தஞ்சாவூரில் உட்காரவைத்தார். ஆனால் வெடிமருந்து நிரப்பப்பட்ட அந்த அந்தப்புரத்திலிருந்து, திரி பற்றுவதற்கு முன்னால், ஒரு தாதி வெளியேறியிருந்தாள். அவள் கையில் நகைகள். இடுப்பில் ஒரு சிறு பிள்ளை. பெயர் செங்கமலதாசன், விஜயராகவரின் பேரன் என்று சொல்வார்கள்.

அவள் போன திசை நாகப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்களின் கொடி பறந்துகொண்டிருந்தது. ஒரு செட்டியார் வீட்டுக் கதவு திறந்தது. பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தான். ஊர் மறந்தது, மதுரை மறந்தது. மறக்காத ஆள் ஒருவர் இருந்தார்: இறந்துபோன ராஜாவிடம் ராயசமாக, அதாவது எழுத்துப் பணி பார்க்கும் அதிகாரியாக, இருந்த வெங்கண்ணா. அழகிரியிடம் எதிர்பார்த்த பதவி கிடைக்காத வெங்கண்ணா. ஒருநாள் அவர் அந்தச் செட்டியார் வீட்டு வாசலில் வந்து நின்றார். அங்கிருந்து தாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவர் போனது பீஜப்பூர் சுல்தானிடம். சுல்தான் அனுப்பிய படைக்குத் தலைவன், மராட்டியச் சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் மகன் ஏகோஜி.

பிள்ளையை அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்பிவிடு, இதுதான் ஏகோஜிக்கு உத்தரவு. அவன் பிள்ளையை அமர்த்தினான்.

திரும்பவில்லை.

(அடுத்த வாரம்)