கறுப்பு வீடுகள்

ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் கெரனின் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பழைய கல்வீடுகளிற் சிலவற்றை இன்று குடும்பங்கள் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கின்றன.

'கறுப்பு வீடு' என்பது இவ்வகை வீட்டின் பெயர். சாந்தின்றி அடுக்கிய இரட்டைக் கற்சுவர், இடையே மண். வேய்ந்த கூரையை அட்லாண்டிக் காற்றுப் பெயர்த்துவிடாதவாறு கயிறு கட்டிக் கற்களைத் தொங்கவிட்டனர். புகைபோக்கி கிடையாது. நடுவே எரியும் 'பீற்' கட்டியின் புகை கூரையூடாகவே கசியும். புகையேறிய பழங்கூரை வயலுக்கு உரமாயிற்று. வீட்டின் மறுமுனையில் மாடுகள் நின்றன. அவற்றின் உடற்சூடும் குளிருக்குத் துணை.

இத்தனை பாடுபட்டவர்களுக்கு நிலம் சொந்தமில்லை. 1844இல் தீவையே விலைக்கு வாங்கியவர் ஜேம்ஸ் மெதீசன். சீனாவில் அபின் விற்றுச் சேர்த்த செல்வம் அது. 1851 தொடக்கம் 1855 வரை குடியானவர்கள் 2,000 பேருக்கு மேல் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். விரும்பிப் போனார்கள் என்று எழுதுவோரும் உளர். வாடகை கட்ட வழியற்றவனின் விருப்பம் எத்தகையது என்பதை வாசகர் அறிவர். குடியிருப்புரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு 1886இலேயே வந்தது.

கெரனினின் கடைசிக் குடியினர் 1974இல் வெளியேறினர். வசதியான புதுவீடுகளுக்கே அவர்கள் சென்றனர். பின்னர் அறக்கட்டளையொன்று அவ்வீடுகளைச் சீரமைத்தது. அவற்றில் இப்போது மின்விளக்கும் குளியலறையும் உண்டு, புகை இல்லை.