ஓராண்டு இலாபமும் பத்தாண்டு உண்மையும்

எகிப்து மன்னன் கண்ட கனவொன்றைத் திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் நமக்கு எடுத்துரைக்கின்றது. கொழுத்த ஏழு பசுக்களை மெலிந்த ஏழு பசுக்கள் தின்றுவிடுகின்றன. பசுமையான ஏழு கதிர்களும், உலர்ந்த கதிர்களும் உடன் தோன்றுகின்றன. அவையோர் இதனைக் குழப்பமான கனவென்று ஒதுக்கிவிட, சிறையிலிருந்த நபி யூசுப் (அலை) அவர்களே அதன் பொருளை விளக்கினார்கள். வளமான ஏழாண்டுகள் வரும். அவற்றைத் தொடர்ந்து வறண்ட ஏழாண்டுகள் வரும். முன்னதில் சேமித்ததைக் கொண்டே பின்னதைக் கடக்க வேண்டும் என்பதே அவ்விளக்கம்.

ஆலிம்கள் இவ்வரலாற்றிலிருந்து படிப்பினைகள் பல எடுத்துக் காட்டுவர். வாணிபம் செய்யும் குடும்பங்கள் மனத்திற் கொள்ளத்தக்க படிப்பினை ஒன்றும் இதில் அடங்கியிருக்கின்றது. ஒரு நிலத்தின் வளத்தை ஒரே ஆண்டின் விளைச்சலைக் கொண்டு மதிப்பிடலாகாது என்பதே அது. நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. ஒரு துணிக்கடையை விலை பேசச் செல்பவர், பெருநாள் மாதத்து விற்பனையை மட்டும் பார்த்துத் தொகை சொல்வாரா? பல ஆண்டுக் கணக்கேடுகளைப் புரட்டிப் பார்த்த பின்னரே அவர் வாய் திறப்பார். ஆனால், உலகின் மிகப் பெரிய சந்தையாகிய நியூயார்க் பங்குச் சந்தை, இந்த எளிய அறிவைப் பெருந்துன்பத்தின் வாயிலாகவே கற்றது. கற்றதைப் பன்முறை மறக்கவும் செய்தது. அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பங்கு என்பது யாது?

பங்கு என்பது வெறும் காகிதமன்று. ஒரு தொழிலின் உரிமையில் ஒரு சிறு கூறு அது. தொழில் இலாபம் ஈட்டினால் பங்குடையவருக்கும் அதில் உரிமையுண்டு. நட்டமடைந்தால் அந்த நட்டத்திலும் அவருக்குக் கூறு உண்டு. ஆதலின் ஒரு பங்கின் விலை அதிகமா, குறைவா என்று அறிய விரும்புவோர், அந்த விலையை அப்பங்கு ஈட்டும் வருவாயோடு ஒப்பிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு கம்பெனியின் பங்கு 120 ரூபாய்க்கு விற்கின்றது. சென்ற ஆண்டில் ஒவ்வொரு பங்குக்கும் அக்கம்பெனி 12 ரூபாய் ஈட்டியது. விலை, வருவாயைப் போல் 10 மடங்கு. மலிவு என்றே தோன்றும். ஆனால் சென்ற ஆண்டு அத்தொழிலுக்கு அரிதாக வாய்த்த நல்லாண்டாக இருந்தால்? கடந்த பத்தாண்டுகளின் வருவாயையும் இன்றைய ரூபாயின் மதிப்புக்கு மாற்றிச் சராசரி கண்டால், அது 6 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது விலை 20 மடங்காகி விடுகின்றது. பங்கும் அதுவே, விலையும் அதுவே. அளவுகோல் மாறியதும் மலிவு என்பது விலையேற்றமாகி விடுகின்றது.

ஆயிரம் கனவுகள் கரைந்த ஆண்டு

முதல் உலகப் போருக்கு முன்னர், அமெரிக்காவில் கவனமுள்ள முதலீட்டாளர்கள் பல ஆண்டுச் சராசரி வருவாயையே பார்த்து வந்தனர். 1920-களில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இது புதிய யுகம். பழைய கணக்குகள் இனிச் செல்லா. வருவாய் ஏறுமுகமாக இருந்தால் போதும், எந்த விலையும் கொடுக்கலாம் என்ற எண்ணம் பரவியது. கடன் வாங்கிப் பங்கு வாங்கும் பழக்கமும் பெருகியது.

1929 செப்டம்பர் 3-ஆம் நாள் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 381 என்னும் உச்சத்தைத் தொட்டது. 1932 ஜூலை 8-ஆம் நாள் அது 41-ஆக வீழ்ந்து கிடந்தது. நூறு டாலர் வைத்திருந்தவரிடம் ஏறத்தாழ பதினொரு டாலரே எஞ்சியது. பழைய உச்சத்தை மீண்டும் எட்ட 1954 நவம்பர் வரை, அதாவது 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறையின் சேமிப்பு அவ்வாறு கரைந்தது.

இந்த இடிபாட்டிலிருந்து எழுந்தவர் பெஞ்சமின் கிரகாம். 1894-இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயார்க் சென்றவர். பீங்கான் வணிகரான தந்தை 1903-இல் இறந்தார். கடன் வைத்துப் பங்கு வாங்கிய தாயார், 1907-ஆம் ஆண்டுச் சந்தை வீழ்ச்சியில் கைப்பொருளை இழந்தார். வறுமையிலும் கல்வியை விடாத கிரகாம் 1914-இல் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றுப் பங்குத் தொழிலில் புகுந்தார். அவரையும் 1929 விட்டுவைக்கவில்லை. அவர் நிருவகித்து வந்த நிதி மூன்றாண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கை இழந்தது.

வீழ்ந்தவர் தாம் வீழ்ந்த காரணத்தை ஆராய்ந்தார். தம் உடன்பணியாளர் டேவிட் டாடுடன் சேர்ந்து 1934-இல் அவர் வெளியிட்ட பங்குப் பத்திர ஆய்வு நூல், இத்துறையின் மூல நூலாக இன்றும் போற்றப்படுகின்றது. ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல், இயன்றால் ஏழு அல்லது பத்தாண்டுகளின் சராசரி வருவாயையே அளவாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அந்தச் சராசரியைப் போல் ஏறத்தாழ 16 மடங்குக்கு மேல் விலை கொடுப்பவர் முதலீட்டின் எல்லையைக் கடந்துவிட்டார் என்றும் அவர் வரையறுத்தார். அதற்கு மேற்பட்டது அவர் பார்வையில் ஊகம்.

நாணயத்தின் மாயம்

கிரகாமின் அளவுகோலில் ஒரு குறை எஞ்சியிருந்தது. பத்தாண்டு வருவாயைக் கூட்டுகின்றோம். ஆனால் பத்தாண்டுக்கு முந்தைய நாணயமும் இன்றைய நாணயமும் ஒன்றா? அன்று ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசி இன்று கிடைக்குமா? மதிப்பு வேறான நாணயங்களைக் கூட்டிச் சராசரி காண்பது, படியையும் மரக்காலையும் வேறுபாடின்றி எண்ணிக் கூட்டுவதை ஒக்கும்.

இந்த உண்மையை இஸ்லாமிய உலகம் முன்னரே கண்டிருந்தது. கெய்ரோ நகரின் சந்தைகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவி வகித்த வரலாற்றாசிரியர் அல் மக்ரீஸி, எகிப்தைப் பஞ்சமும் விலையேற்றமும் வாட்டிய காலத்தில், 1405-ஆம் ஆண்டளவில் ஒரு சிறு நூல் எழுதினார். ஆட்சியாளர் செப்புக் காசுகளை வரம்பின்றிப் புழக்கத்தில் விட்டதை விலையேற்றத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்றாக அவர் சுட்டினார். பொருள்களின் விலையைச் செப்புக் காசில் கணக்கிட்டால் பெரிதும் ஏறியதாகத் தெரியும். பொன்னிலும் வெள்ளியிலும் கணக்கிட்டால் ஏற்றம் சிறிதே என்பது அவர் கண்ட முடிவு. எண்ணைப் பார்க்காதே, எண்ணின் பின்னுள்ள மதிப்பைப் பார் என்பதன்றி வேறென்ன இது?

மேலை நாட்டில் இதனை வற்புறுத்தியவர்களுள் முதன்மையானவர் யேல் பல்கலைக் கழகப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர். விலைவாசிக் குறியீட்டெண்களை அமைக்கும் முறை பற்றி 1922-இல் பெருநூல் எழுதியவர். நாணய மாயை பற்றி 1928-இல் தனி நூலே எழுதியவர். விந்தை யாதெனில், பங்கு விலைகள் நிலையான மேட்டு நிலத்தை எட்டிவிட்டன என்று 1929 அக்டோபரில் அறிவித்தவரும் அவரே! சில நாள்களில் சந்தை சரிந்தது. அவர் செல்வமும் உடன் சரிந்தது. நாணயத்தின் மாயத்தை அறிந்தவர், நல்லாண்டுகளின் மாயத்தில் சிக்கினார்.

நாணய மாயை எத்துணைக் கொடியது என்பதற்கு 1966 முதல் 1982 வரையிலான காலம் சான்று. 1966 பிப்ரவரியில் டவ் ஜோன்ஸ் எண் 995 அளவில் இருந்தது. 1982 ஆகஸ்டில் 777 அளவில் இருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழப்பு என்றே மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பதினாறு ஆண்டுகளில் அமெரிக்க விலைவாசி ஏறத்தாழ மும்மடங்காயிற்று. வாங்கும் ஆற்றலைக் கொண்டு கணக்கிட்டால், பங்கின் மதிப்பில் நான்கில் மூன்று பங்கு ஓசையின்றிக் கரைந்திருந்தது. 1929-இன் இழப்பு இடியோடு வந்தது. இது கறையான் போல் வந்தது.

இரண்டும் இணைந்த அளவுகோல்

பத்தாண்டுச் சராசரி, விலைவாசித் திருத்தம் ஆகிய இரண்டையும் இணைத்தவர்கள் ராபர்ட் ஷில்லர், ஜான் கேம்பெல் என்னும் அறிஞர் இருவர். 1988-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, விலைவாசிக்கேற்பத் திருத்திய நெடுங்கால வருவாயோடு பங்கு விலையை ஒப்பிட்டது. அதற்கு வேண்டிய பழங்கணக்கு எங்கிருந்து கிடைத்தது? காச நோயின் பொருட்டுக் கொலராடோ மலை நாட்டில் தங்கிய ஆல்ஃபிரட் கவுல்ஸ் என்னும் செல்வர், 1932-இல் ஓர் ஆய்வுக் குழுவை நிறுவி, 1871 முதலான பங்கு விலைகளையும் வருவாய்களையும் திரட்டுவித்திருந்தார். அந்தத் தொகுப்பே இந்த ஆய்வின் அடித்தளமாயிற்று.

அவ்வளவுகோல் காட்டும் எண்களை நோக்குவோம். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் சராசரி ஏறத்தாழ 17 மடங்கு. 1929-இல் அது 32-ஐத் தாண்டியிருந்தது. 1932-இல் 6-க்கும் கீழே இறங்கியது. 1982-இல் 7 அளவில் நின்றது. 1999 இறுதியில் 44-ஐ எட்டியது. 1929-இன் உச்சமும் அதன் முன் சிறிதாயிற்று.

1996 டிசம்பர் 3-ஆம் நாள் கேம்பெலும் ஷில்லரும் அமெரிக்க மத்திய வங்கியின் ஆட்சிக் குழு முன் தம் கருத்தை எடுத்துரைத்தனர். இரு நாள் கழித்து அவ்வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், அறிவுக்குப் பொருந்தா மகிழ்வெறி என்னும் பொருள்பட ஓர் உரையில் எச்சரித்தார். சந்தை செவி சாய்க்கவில்லை. அன்று 750-க்குச் சற்றுக் கீழிருந்த எஸ் அண்டு பி 500 குறியீட்டெண், 2000 மார்ச்சில் 1,527-ஐ எட்டியது. பின்னர் 2002 அக்டோபரில் 777-க்கு வீழ்ந்தது; மீண்டும் ஏறி, 2009 மார்ச்சில் 677-க்கு இறங்கியது. இடையில் பெற்ற பங்காதாயத்தை நீக்கிப் பார்த்தால், எச்சரிக்கை பிறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் பங்குடையவர் ஒன்றும் ஈட்டியிருக்கவில்லை.

அதே 2009-ஆம் ஆண்டு இன்னொரு பாடமும் புகட்டியது. முந்தைய ஆண்டின் பெரு நட்டங்களால் கம்பெனிகளின் ஓராண்டு வருவாய் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. ஓராண்டுக் கணக்கில் பார்த்தவருக்குப் பங்கு விலை நூறு மடங்குக்கு மேல் தோன்றியது. பத்தாண்டுக் கணக்கோ 13 மடங்கு என்றது. முன்னதை நம்பியவர் அஞ்சி ஓடினார். பின்னதை நம்பியவர் நின்றார். 2019 இறுதியில் அக்குறியீட்டெண் 3,200-ஐக் கடந்திருந்தது. மெலிந்த ஆண்டு ஒன்றைக் கண்டு நிலமே மலடென்று முடிவு செய்வதும், கொழுத்த ஆண்டைக் கண்டு மயங்குவதைப் போன்ற பிழையே.

எல்லை அறிதல்

ஆயினும் எந்த அளவுகோலும் மறையறிவாகிவிடாது. பென்சில்வேனியாப் பேராசிரியர் ஜெரமி சீகல் போன்றோர் தக்க மறுப்புகளைக் கூறியுள்ளனர். கணக்கு எழுதும் விதிகள் மாறியதால் அண்மைக்கால வருவாய் பழங்கால வருவாயினும் குறைவாகக் காட்டப்படுகின்றது என்பது அவர் வாதம். 1990-களின் தொடக்கத்திலிருந்து இவ்விகிதம் பெரும்பாலும் பழைய சராசரிக்கு மேலேயே இருந்து வந்துள்ளது. அது கீழிறங்கட்டும் என்று காத்திருந்தவர், 1992-இல் 400 அளவிலிருந்த எண் 2021 இறுதியில் 4,700-ஐத் தாண்டியதைக் கரையிலிருந்தே பார்க்க நேர்ந்தது.

தனியொரு கம்பெனியை மதிப்பிடுங்கால் இன்னும் விழிப்பு வேண்டும். புதிய தொழிலுக்குப் பத்தாண்டுக் கணக்கே இராது. பழைய தொழிலோ உள்ளுக்குள் இற்றுப் போயிருக்கலாம். புகைப்படச் சுருளால் உலகை ஆண்ட கோடாக் கம்பெனி 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பை நாடியது. அதன் பொற்காலச் சராசரி, சுருளின் காலம் முடிந்துவிட்டதைச் சொல்லியிராது. ஆகவே சராசரி என்பது விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று. விலை என்று வீழும், என்று ஏறும் என்பதையும் அது உரைக்காது. இன்று வாங்குபவர் நெடுங்காலத்தில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை மட்டும் ஓரளவு உணர்த்தும்.

சந்தை விலையில் செய்திகள் விரைந்து அடங்கிவிடும் என்று நிறுவிய யூஜின் ஃபாமாவுக்கும், சந்தை மனித மனத்தைப் போல் தடுமாறும் என்று காட்டிய ஷில்லருக்கும், லார்ஸ் பீட்டர் ஹான்சனோடு சேர்த்து 2013-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருவரும் ஒரே மேடையில் நின்றதே, இத்துறையில் இறுதிச் சொல் இன்னும் சொல்லப்படவில்லை என்பதற்குச் சான்றாகும்.

எந்தத் தொழிலின் பங்கு மார்க்கத்திற்கு உகந்தது என்பதை ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். உகந்தது என்று தெளிந்த பின்னரும், அதற்குக் கொடுக்கும் விலை தக்கதா என்னும் கேள்வி நம் பொறுப்பாகவே எஞ்சுகின்றது. மகளின் திருமணத்திற்கும் ஹஜ்ஜுப் பயணத்திற்கும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் அமானிதம் போன்றது. சென்ற ஆண்டு இரட்டிப்பாயிற்று என்னும் ஒரு சொல்லை நம்பி அதனைக் கொடுத்துவிடலாகாது. அச்சொல்லோடு வருபவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அதற்கு முந்தைய ஒன்பதாண்டுகள் எப்படியிருந்தன? அந்த ரூபாயின் இன்றைய மதிப்பு என்ன? விடை கூற இயலாதவரிடம் பொருளை ஒப்படைக்காதிருப்பதே, 1929-இல் அனைத்தையும் இழந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற அறிவுச் செல்வம்.