டார்ச் லைட்டும் மறதி நோயும்



கரண்ட் போன இரவுகளில் ஹாஸ்டலில் டார்ச் லைட்டை உள்ளங்கையால் மூடி விளையாடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? விரல்களெல்லாம் செக்கச் செவேலென்று தெரியும். நீலம், பச்சை எல்லாவற்றையும் இரத்தம் விழுங்கிவிடும். சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வரும். இந்த விளையாட்டுக்குள் ஒரு மருத்துவ வரலாறே அடங்கியிருக்கிறது என்பது அப்போது நமக்குத் தெரியாது.

கதை 1901-இல் தொடங்குகிறது. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனைக்கு ஆகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி வந்து சேர்ந்தார். தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியவில்லை. அவரைக் கவனித்தவர் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர். அந்த அம்மையார் 1906-இல் இறந்த பிறகுதான் அவரது மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, படிவுகளையும் முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். 1910-இல் பேராசிரியர் கிரேப்பலின் தமது பாடநூலில் அந்த நோய்க்கு அல்ஸைமர் பெயரையே வைத்தார். ஆனால் ஒரு சங்கடம் பாருங்கள். மூளையைப் பார்க்க நோயாளி சாக வேண்டியிருந்தது!

உயிரோடு இருப்பவர் மூளைக்குள் வெளிச்சத்தை அனுப்பிப் பார்க்கலாம் என்று காட்டியவர், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஃப்ரான்ஸ் ஜோப்சிஸ். 1977-இல் 'சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரை வந்தது. கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குச் சற்று அப்பால், சுமார் 700 முதல் 900 நானோமீட்டர் வரையுள்ள ஒளி தோலையும் மண்டையோட்டையும் கடந்து போய் வரும். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். இரண்டு அலைநீளங்களில் அளந்தால், இரண்டும் எவ்வளவு கூடின, குறைந்தன என்று கணக்குப் போட்டுவிடலாம். நாம் படித்த சைமல்டேனியஸ் ஈக்வேஷன்தான், வேறொன்றுமில்லை.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே இரத்தம் கூடுதலாகப் பாயும். அதை ஒளியால் அளக்க முடியும் என்று 1993-இல் ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே காட்டின. 1997-இல் கிறிஸ்டோஃப் ஹாக் குழுவினர் அல்ஸைமர் நோயாளிகளைச் சோதித்தார்கள். வேகமாகச் சொற்களைத் தேடிச் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. ஆரோக்கியமான முதியவர்களுக்கு ஆக்ஸிஜன் ஏறியது. நோயாளிகளுக்கோ மூளையின் பக்கவாட்டு மேல்பகுதியில் இறங்கியது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அம்மா. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன அன்று, "அந்தக் குகைக்குள்ளே என்னைத் தள்ளாதேடா" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஸ்கேன் எடுக்காமலே திரும்பினோம். ஒளிக்கருவியில் குகையும் இல்லை, இரைச்சலும் இல்லை. தலையில் ஒரு தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் மிகைப்படுத்தக்கூடாது. இந்த ஒளி ஓரிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தைத்தான் எட்டும். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அதைவிட உள்ளே இருக்கிறது. அடர்ந்த முடியும், தலைத்தோலில் ஓடும் இரத்தமும் கணக்கைக் குழப்பும். இன்றும் இது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவிதான். இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்வதில்லை. எம்.ஆர்.ஐ.க்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

நண்பர்களே, நமக்கும் வயதாகிவிட்டது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோயில்லை. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டால், தெரிந்த தெருவில் வழி தவறினால், "வயசானா அப்படித்தான்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு போன்ற, மருந்துக்குக் கட்டுப்படும் காரணமாகவும் இருக்கலாம். நான் அம்மா விஷயத்தில் இரண்டு வருஷம் அப்படித்தான் சும்மா இருந்துவிட்டேன். நீங்கள் இருக்க வேண்டாம்.